அண்ணனுடைய ஜப்பான் கிட்டார்

அந்த மின்சாரக் கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்ததே அண்ணனுக்காகத்தான். அதை நான் மறுக்கவில்லை. தங்கவயலில், ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கான எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, மேட்டு பங்களாவில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. அந்த வீட்டுக்காரரும் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷாஃப்டில் எலக்ட்ரிக் வேலை பார்த்தவர்கள். சாமான்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், "உன் பையன் பாட்டுப் பைத்தியமாச்சே, வெச்சிக்கட்டும்" என்று கிட்டாரை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்.

ஜப்பானில் செய்தது என்று பின்பக்கத் தகட்டில் இருந்தது. கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. சிவப்பு உடல், ஓரம் போகப் போகக் கறுப்பு. ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை. முன்னால் பளபளவென்று ஒரு தகடு, அதில் வீட்டு லைட் சுவிட்சைப் போலவே வரிசையாகச் சுவிட்சுகள். "இன்னாடி இது, கரண்ட் போர்டுல கம்பி கட்டினா மாதிரி இருக்குது" என்றாள் அம்மா. அப்பா ஒரு பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து அதற்கு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தார். எல்லாச் சுவிட்சையும் ஒன்றாகப் போட்டால் பாட்டுக்கு நடுவே கன்னடச் செய்தி கேட்கும். தகட்டின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பிடித்தால்தான் இரைச்சல் அடங்கும். கம்பிகள் பலகையிலிருந்து எழும்பி நிற்கும். அழுத்தினால் விரல் கிழியும்.

அண்ணனுக்கு விரல் கிழிந்தது. ஒரு மாதத்தில் விட்டுவிட்டான். அவனுக்குப் பிடித்தது மைக்கும் மேடையும். அவன் வெளியே சுற்றப் போன பகல்களில் நான் எடுத்தேன். எனக்கும் விரல் கிழிந்தது. ஆறியதும் மறுபடி எடுத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. ரேடியோவில் ஒரு பாட்டு வந்தால் அதன் கூடவே தட்டித் தடவிப் போவேன், அவ்வளவுதான்.

அண்ணன் பாடிய பாண்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் நேரத்தில் கிட்டார்க்காரன் வராமல் போனான். ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலில் நிகழ்ச்சி. "நீ வந்து நில்லு, போதும்" என்று அண்ணன்தான் கூட்டிப்போனான். நான் நின்றேன், வாசித்தேன். அதற்கப்புறம் மூன்று வருஷம் நான்தான் வாசித்தேன். கல்யாணம், சர்ச் விழா, சம்பள நாள் கச்சேரி. பாவாடை தாவணியில் ஒரு பெண் அந்த விநோதமான கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே கூட்டம் முன்னால் நெருக்கும். முதல் பாட்டு பாதி போவதற்குள் நெருக்குவதை மறந்துவிட்டுக் கேட்பார்கள். அந்த நொடி மேடையிலிருந்தே எனக்குத் தெரியும். வேறெதிலும் எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பே தனி ஊர் மாதிரி. மைன்ஸ் லைனிலிருந்து அங்கே பெண் எடுப்பது பெரிய விஷயம். சுவரோரம் சாய்த்திருந்த கிட்டாரை மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார்.

"இதை யார் வாசிக்கிறது?"

"எங்க பையனுதுங்க. அவன்தான் வாசிப்பான்" என்றாள் அம்மா. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"எங்கே, கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்களேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே, "கம்பி அறுந்துட்டுதுங்க" என்றான். அன்று காலையில்தான் நான் புதுக் கம்பி மாட்டியிருந்தேன். காபி டம்ளரை நீட்டியபோது அந்த அம்மாள் என் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். "விரல் நுனியெல்லாம் ஏன் இப்படிக் காய்ச்சிருக்கு?"

"கயிறு இழுத்துத் தண்ணி சேந்தறா இல்லீங்களா" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை குனிந்து காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நடந்தது. கிட்டார் அண்ணனோடு தங்கிவிட்டது. சில மாதங்களில் என் விரல்கள் பூப்போல் ஆகிவிட்டன. மாமியார் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

மைன்ஸ் மூடியதும் அண்ணன் பெங்களூருக்குக் குடிபோனான். போன வருஷம் அங்கே வேலை பார்க்கும் என் மகள் ஒரு வீடியோவை அனுப்பினாள். புதிதாகத் திறந்த ஒரு காபிக் கடையில் அந்தக் கிட்டாரை அண்ணனிடம் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டு, சுரங்கத் தொழிலாளியின் மகன் தானே விரல் கிழியக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறான். சர்ச் ஹால், கூட்டம், முன்னால் நெருக்கியது எல்லாம் சரியாகச் சொன்னான். நான் மட்டும் அதில் இல்லை.

மகளோடு அந்தக் கடைக்குப் போனேன். கிட்டாருக்குக் கீழே ஒரு பழைய போட்டோ இருந்தது, நடுவில் அண்ணன் மைக்கோடு. ஓரத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் கிட்டாரின் கழுத்தும், அதைப் பிடித்த ஒரு கையும் மட்டும் மிச்சம். கையில் கண்ணாடி வளையல்.

"அம்மா, இது யார் கை?" என்றாள் மகள்.

சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. என்மேலா, மாமன்மேலா என்று தெரியவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அம்மா சொன்னதத்தானே நானும் சொல்றேன்" என்றான் அவன். "இப்போ மாத்திச் சொன்னா உன் வூட்டுக்காரரு இன்னா நெனப்பாரு? உனுக்காவத்தான் இத்தினி நாளா அப்படியே வெச்சிருக்கறேன்."

அன்றைக்கு என் கணவர் அந்த வீடியோவை இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அதை வாசிச்சது அண்ணன் இல்ல, நான்" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக.

"தெரியும்" என்றார். டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டே, "கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியிலதானே உன்னை முதல்ல பார்த்தேன். அதனாலதான் வீட்ல சொல்லிப் பொண்ணு பார்க்கவே வந்தோம்."

"ஏன் சொல்லல?"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாங்க. அப்புறம் நீயும் அதைப்பத்திப் பேசல. சரி, உனக்கே ஆசை விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

நான் வாசித்ததைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார். வந்தவர், மறுபடி ஒருநாள்கூட வாசி என்று கேட்கவில்லை. எந்தப் பாட்டைக் கேட்டார் என்றாவது கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் டிவி போட்டுவிட்டார்.

மகள் ஒரு புதுக் கிட்டார் வாங்கி அனுப்பினாள். எடுத்துப் பார்த்தேன். விரல் மூட்டுகள் மடங்கவில்லை. திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன்.

போன மாதம் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியுமா, போனோம். மேடையில் அண்ணனை அழைத்துத் தங்கவயலின் கிட்டார் கலைஞர் என்று சால்வை போட்டார்கள். என் கணவர் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார். பழக்கத்தில் நானும் தட்டினேன்.