டப்பா லைன்

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் என் ஓரகத்தி வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு பால் டப்பா தொங்குகிறது. துருவேறிய, நசுங்கிய டப்பா. உள்ளே இரண்டு கூழாங்கற்கள். காற்றடித்தால் கலகலக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுகூட அதை யாரும் கழற்றவில்லை. கழற்ற எவருக்கும் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் லைன் என்றால் கரன்ட் கம்பி. எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமான கையோடு அந்தமானுக்குக் கப்பலேறி, பாராடாங் காட்டில் ரோடு போடும் கேம்ப்புக்கு வந்தேன். அங்கே வாய்க்கு வாய் லைன்தான். வரிசையாக ஓலை வேய்ந்த எங்கள் குடிசைகள் லைன். விடியற்காலையில் ஆம்பிளைகளை நிறுத்தித் தலை எண்ணுவது லைன். ரோட்டுக்காகக் காட்டை நீளமாக வெட்டிக்கொண்டு போனார்களே, அதுவும் லைன். லைனில் குடியிருந்து, லைனில் நின்று, லைன் வெட்டப் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருந்தது, டப்பா லைன். கேம்ப்பைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கம்பி இழுத்து, பால் டப்பாக்களில் கல் போட்டுக் கட்டியிருப்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் காட்டுப் பழங்குடிகளான ஜாரவாக்கள் இருக்கிறார்கள், அம்பு சத்தமில்லாமல் வரும் என்று சொல்லியே எங்களைத் தூங்கவிடாமல் செய்தார்கள். அவர்களுடைய காட்டைத்தான் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்கு யாருக்கு உறைத்தது?

வேலை முடிந்து திரும்புகிறவர்கள் டப்பா லைனுக்கு வெளியே நின்று கம்பியை இரண்டு தரம் இழுக்க வேண்டும், கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். நம்ம ஆள் என்று காவல்காரனுக்கு அதுதான் அடையாளம். வேறு மாதிரிக் கலகலத்தால் துப்பாக்கிதான், கேள்வியே கிடையாது. ஒரு காட்டுப்பன்றி அப்படிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து காற்று அடித்தாலே கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடுவேன். “ஏட்டி, இப்படி நடுங்குனா எப்படிக் குடித்தனம் பண்ணுவ?” என்று ஓரகத்தி கேலி செய்வாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு மழை நாளில், மசங்குகிற நேரத்தில் ஆட்கள் திரும்பினார்கள். கம்பி இரண்டு தரம் ஆடியது, பிறகு ஒரு தரம். என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அவருடைய அண்ணனை, அக்கா வீட்டுக்காரரான என் அத்தானைக் காணோம். “எம் பின்னாலதான் வந்துக்கிட்டிருந்தாவ” என்று அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் மழைதான் இருந்தது. இருட்டுக்குள் தேடப் போக ஒருவரும் துணியவில்லை. அக்கா அழவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள்.

கொஞ்ச நேரத்தில், கேம்ப்பை ஒட்டிய ஓடைப் பக்கத்து டப்பாக்கள் எல்லாம் ஒன்றாக அலறின. இரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ கம்பியைப் பிடித்து உலுக்குகிற மாதிரி, நிற்காமல். காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கினான். “கௌன் ஹை?” என்று இந்தியில் யாரெனக் கேட்டுக் கத்தினான். டப்பாக்கள்தான் இன்னும் பலமாகக் கலகலத்தன. யாராக இருந்தால் என்ன, அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது எனக்கு. அக்காவின் முந்தானையைப் பிடித்தேன். உதறிக்கொண்டு ஓடி, துப்பாக்கிக்கும் கம்பிக்கும் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

“ஹட் ஜாவோ!” விலகச் சொல்லிக் காவல்காரன் அலறினான்.

“மத் மாரோ, பாய்! மத் மாரோ! சுடாதீங்க, யாருன்னு பாத்துட்டுச் சுடுங்க!”

முதுகைக் காட்டுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றாள் பாவி. பின்னாலிருந்து அம்பு வருமா, முன்னாலிருந்து குண்டு வருமா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கம்பியைப் பிடித்திருந்த ஒரு கை தெரிந்தது. அத்தான்தான். கோடரி நழுவிக் காலில் இறங்கியிருக்கிறது. சேற்றில் தவழ்ந்தே வந்தவர், எழுந்து நிற்பதற்காகக் கம்பியைப் பிடித்திருக்கிறார். கத்தவும் தெம்பில்லை, கணக்குப்படி இழுக்கவும் நினைவில்லை.

அதற்கப்புறம் பல வருஷம் நொண்டிக்கொண்டே வாழ்ந்தார். கேம்ப்பைக் காலி செய்து போர்ட் பிளேருக்கு வந்தபோது, அந்தக் கம்பியிலிருந்து ஒரு டப்பாவை அக்கா அறுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அது அத்தான்தான் என்று எப்படித் தெரிந்தது என்று ஒரு நாள் கேட்டேன். “எங்கட்டி தெரிஞ்சுது? தெரியாமத்தான் நின்னேன்” என்றாள்.

இப்போது வீட்டில் பேத்தி “லைன் போயிருச்சு” என்றால் கரன்ட். “லைன்ல இருங்க” என்றால் போன். எனக்கு எதைச் சொன்னாலும் அந்த ஓடைப் பக்கம்தான்.

அத்தான் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அக்கா படுத்த படுக்கை, என்னையே அடையாளம் தெரிவதில்லை. போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். மழைக்காற்று அடித்து டப்பா கலகலத்தது. கட்டிலிலிருந்து அந்தக் குரல், அன்றைக்கு இருந்த அதே பலத்தோடு எழுந்தது: “மத் மாரோ, பாய்! மத் மாரோ!”

ஓடிப்போய் டப்பாவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தேன். காற்று நின்றுவிட்டது. என் கை நடுக்கத்தில் உள்ளே கல் இன்னும் கலகலத்துக்கொண்டிருந்தது.