நான் கொடுக்காத சத்தம்

மாஞ்சோலை மலையில் சைக்கிள் மிதித்து ஏறுகையில் மூன்று இடத்தில் நான் இறங்கித் தள்ளினேன். நண்பன் அந்தோணி எங்கேயும் இறங்கவில்லை. உச்சியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு எரிந்தது.

இறங்கும்போது முன்னால் போகிறவன், எதிரே வண்டி வந்தால் “வண்டி!” என்று கத்துவது எங்கள் வழக்கம். முன்னால் போன நான், ஒரு வளைவில் ஜீப் ஏறி வருவதைப் பார்த்தேன். அவனும் கொஞ்சம் பயப்படட்டும் என்று கத்தாமல் விட்டேன்.

பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. ஜீப் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தோணி விழுந்து கிடந்தான்.

“முன்னால போறவன் சத்தம் குடுக்க மாட்டியாலே?” என்று டிரைவர் என்னைப் பார்த்துச் சீறினார்.

“அவன் குடுத்திருப்பான் அண்ணாச்சி, எனக்குத்தான் கேக்கல” என்றான் அந்தோணி.

நான் குனிந்து அவன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன்.

இன்றும் இறக்கத்தில் என்னைத்தான் முன்னால் அனுப்புகிறான். வெறும் சாலையிலும் நான் கத்திக்கொண்டே இறங்குகிறேன்.