ஆசாத் பாயின் திராட்சை கேக்

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் பிராங்க்ளினுக்கு வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை வியாதிக்கு வயது பன்னிரண்டு. போன வருடம் இடது காலில் வந்த ஒரு புண் ஆறாமல் போய், சுண்டுவிரலை எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் வாய்க்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பதையெல்லாம் மனைவி கிளாராதான் தீர்மானிக்கிறாள். மதியம் ஒரு கரண்டி சோறு, தட்டு நிறையக் காய்கறி வெஞ்சனம். அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதம் அந்தக் காலைத் தன் மடியில் வைத்து மருந்து போட்டவள் அவள்.

பிராங்க்ளினும் முரண்டு பிடிக்கிற ஆள் இல்லை. டீயில் சர்க்கரையை விட்டார், ஜிலேபியை விட்டார், கல்யாண வீட்டுப் பாயசத்தைக்கூட விட்டார். விட முடியாமல் கிடந்தது ஒன்றே ஒன்று. அது கடையிலேயே இல்லாத ஒன்று என்பதுதான் வேடிக்கை.

பேகம்பூரில் ஆசாத் பாய் பேக்கரி வைத்திருந்த காலத்தில், டிசம்பர் பத்தாம் தேதிதான் திராட்சை கேக் போட ஆரம்பிப்பார். இருபத்துநாலாம் தேதி சாயங்காலத்தோடு சரி. மறுநாள் போய்க் கெஞ்சினாலும் அடுத்த வருடம்தான். கருப்புப் பன்னீர் திராட்சையைக் கொட்டை எடுத்து, கருப்பட்டி போட்டுச் சுண்டக் காய்ச்சி, மாவில் கலந்து விறகு அடுப்பில் வேகவைப்பார். மேலே கிரீம் கிடையாது, பூ கிடையாது. பார்த்தால் கரிக்கட்டிதான். வாயில் வைத்தால் முதலில் லேசாகப் புளிக்கும், அப்புறம் மெதுவாக இனிக்கும். ரோட்டை அகலப்படுத்தியபோது விறகு அடுப்பு போயிற்று. கரண்ட் அடுப்பில் அந்தப் பதம் வராது என்று பாய் கேக்கையே நிறுத்திவிட்டார். ஆயிற்று ஏழு வருடம். ஒவ்வொரு டிசம்பரிலும் பிராங்க்ளினுக்கு நாக்கு அதைத்தான் கேட்கும்.

இந்த வருடம் அரையாண்டு லீவு விட்ட அன்று, ஆசாத் பாயின் பேத்தியை வேனிலிருந்து இறக்கிவிட்டபோது பாய் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றார்.

"சித்தையன்கோட்டையில மச்சான் வீட்டு அடுப்புல பத்தே பத்து போட்டேன்ப்பா. ஒண்ணு உனக்குன்னு எடுத்து வச்சேன். இதுதான் கடைசி. இனிமே அடுப்பு முன்னால நிக்க என்னால ஏலாது."

பிராங்க்ளின் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு துண்டு, அதுக்கு மேல் தொடக்கூடாது என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டார். கிளாரா இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கக் கோயிலுக்குப் போவாள். அதுவரை பெட்டியை எங்கே வைப்பது?

அவர் மூளை வேலை செய்த லட்சணத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தத் தெருவில் கேக் வராத வீடு கிடையாது. வந்ததையெல்லாம் சாப்பிட்டு முடிக்கவும் முடியாது. வந்ததில் பிரிக்காத பெட்டியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் வேறொரு வீட்டுக்குக் கொடுப்பார்கள். அவர் வீட்டு மேசையிலும் நாலு பெட்டி இருந்தது. நாலோடு அஞ்சாக வைத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்து, பிராங்க்ளின் அங்கேயே வைத்துவிட்டார். சந்தேகம் வரவில்லை என்பது உண்மைதான்.

மறுநாள் மதியம் வேனைக் கழுவிவிட்டு உள்ளே வந்தால் மேசையில் மூன்று பெட்டிதான் இருந்தது. வெள்ளைப் பெட்டியைக் காணோம்.

"என்னங்க தேடுறீங்க?" என்றாள் கிளாரா.

"சார்ஜரு. ஆமா, இங்க இருந்த பெட்டியெல்லாம் எங்க?"

"ஒண்ணை ஃபாதருக்குக் குடுத்தேன். பேரு ஊரு இல்லாம ஒரு வெள்ளைப் பெட்டி இருந்துச்சு, யாரு குடுத்தாங்கன்னே தெரியல. அதை ஆனந்தி வீட்டுல குடுத்துட்டேன். தீபாவளிக்கு அம்புட்டுப் பலகாரம் குடுத்துச்சே."

அது என்னுடையது என்று சொல்லிவிடலாம். சொன்னால் காலைக் காட்டி அழுவாள். அந்த அழுகையைப் பார்க்கத் தெம்பில்லாமல், "செத்த நேரத்துல வாரேன்" என்று பிராங்க்ளின் செருப்பை மாட்டினார்.

மூன்று வீடு தள்ளி ஆனந்தி டீச்சர் வீடு. பள்ளிக்கூடம் திறக்கிற தேதியைக் கேட்கிற சாக்கில் உள்ளே போய், கேக் எப்படி இருந்தது என்று விசாரித்தார். ஆனந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வீட்ல முட்டை சேக்க மாட்டோம்ணே. அக்கா மனசு சங்கடப்படுமேன்னு வாங்கிக்கிருவேன். வருசா வருசம் மாடி வீட்டு பானுப்ரியாவுக்குத்தான் போகும். அக்காகிட்ட சொல்லிறாதீங்க."

கால் வலியோடு பிராங்க்ளின் மாடி ஏறினார். கதவு திறந்திருந்தது. பானுப்ரியா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திராட்சை வாசனை வந்து அவர் முகத்தில் மோதியது. பானுப்ரியாவின் மகள் ஒரு வாய் கடித்து, புளிக்கிறது, கிரீம் கேக்தான் வேண்டும் என்று துப்பினாள். பிராங்க்ளினுக்கு அழுகை முட்டியது.

"வாங்கண்ணே, உக்காருங்க. உங்களுக்குச் சுகருல்ல? கிளாரா அக்கா தெருவுக்கே சொல்லி வச்சிருக்காங்க." பானுப்ரியா அவர் கையில் ஒரு கிண்ணம் மிக்சரைக் கொடுத்தாள். "பாப்பா தொட மாட்டேங்குது. கிளாரா அக்காவுக்காவது குடுப்போம். நானும் வாரேன், ஹேப்பி கிறிஸ்மஸ் சொன்ன மாதிரி இருக்கும்."

வெட்டிய கேக்கைத் தட்டில் வைத்து அவளே தூக்கிக்கொண்டாள். வழியில் ஒரு விள்ளல் கிள்ளுவதற்கும் வழியில்லை. கீழே நின்ற ஆனந்தி தட்டைப் பார்த்ததும் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கிளாரா நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது ஆசாத் பாய் கேக்கு."

"யாரோ குடுத்தாங்கக்கா" என்றாள் பானுப்ரியா.

கிளாரா இரண்டாவது துண்டை எடுத்தாள், மூன்றாவதையும் எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "ஏழு வருசமாச்சு பானு. டிசம்பர் பொறந்தா இந்த நெனப்பாவே இருக்கும். வாய் விட்டுச் சொன்னா இவருக்கும் ஆசை வந்துரும், சாப்பிட முடியாத மனுசன். அதான் இவரு முன்னால இந்தக் கேக்குப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

பிராங்க்ளின் தலையைக் குனிந்துகொண்டார். ஏழு வருடத்தில் ஒருநாள்கூட, கிளாராவுக்கும் அந்த ஆசை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. அவளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் தின்னத் திட்டம் போட்ட தன்னை நினைக்க அவருக்கே கேவலமாக இருந்தது. கேக்கும் போயிற்று, அதைக் கேட்கிற வாயும் போயிற்று.

கிளாரா மிச்சத்தையும் முடித்து, தட்டில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் வழித்துச் சாப்பிட்டாள். அப்புறம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு இந்த ருசி ஞாபகம் இருக்கா?"

"இல்ல" என்றார் பிராங்க்ளின். "எப்பவோ மறந்துபோச்சு."

"அதுவும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி, கிளாரா நிம்மதியாகத் தட்டைக் கழுவ எழுந்து போனாள்.