கட்டில்லாக் கிணறுகளும் நானும்

உயிரைக் காப்பாற்ற வழி சொல்கிறேன் என்று வீடு வீடாகப் போகிறவளுக்கு நாய் மாத்திரம்தான் நேர்மையாகப் பதில் சொல்லும். வராதே என்று வாசல் படலையிலேயே குரைத்துவிடும். மற்றவர்கள் பாய் போட்டு, தேசிக்காய்த் தண்ணீர் தந்து, அதே பதிலை ஒரு மணித்தியாலம் சுற்றிவளைத்துச் சொல்வார்கள். அம்மைப்பால் குத்தப் போனவர்களே, கக்கூசு கட்டச் சொல்லிப் போனவர்களே, என் துன்பம் உங்களுக்குத்தான் விளங்கும்.

கொழும்பில் சர்வகலாசாலைப் படிப்பை முடித்துவிட்டு, வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த என்னை எங்கள் ஊர் மாதர் சங்கம் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. நிலத்தோடு நிலமாக வாய் திறந்து கிடக்கும் கிணறுகளுக்கு இடுப்பளவில் சுற்றுக்கட்டுக் கட்டும்படி ஊராரை இணங்கச் செய்வதுதான் வேலை. மாரி வந்தால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். போன மாரியில் எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளை போய்விட்டது. காரணமும் கண்முன்னால், பரிகாரமும் கண்முன்னால். தர்க்கசாத்திரம் படித்தவளுக்கு இது ஒரு மாத வேலை என்றுதான் நினைத்தேன்.

பங்குக் கிணறு

முதலில் போனது பூரணத்தக்கா வீட்டுக்கு. புருஷன் மலாயாவில். சீதனமாக அவளுக்குக் கிடைத்தது ஒரு சிறிய வீடும், குசினி வாசலுக்கு நேரெதிரே இருக்கும் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமையும். கிணறு அவளுடையதல்ல, இரண்டு தமையன்மாருக்கும் பாதிப் பாதி. எல்லை கிணற்றின் நடுவால் போகிறது. நடு எது என்பதுதான் கோட்டில் நடக்கும் வழக்கு. தமையன்மார் முகம் பார்த்துக் கதைத்து வருஷக்கணக்காகிறது. இதற்கிடையில் பூரணத்தக்காவின் மகள் கண்மணி நடக்கப் பழகிவிட்டாள். அவளுக்கு மிகவும் பிடித்த இடம் கிணற்றடி. உலை வைக்கும் நேரத்தில் பூரணத்தக்கா பழைய சேலைத் துண்டால் பிள்ளையைத் தூணோடு கட்டிவைப்பாள். கிணற்றுக்குக் கட்டில்லாத வீட்டில் பிள்ளைக்குக் கட்டு.

எனக்கு ஆத்திரம் வந்து, நேரே மூத்த தமையன் சின்னத்தம்பியரிடம் போனேன். தண்ணீரில் விழுகிற குழந்தை கத்தாது, கை கால் அடிக்கிற சத்தம்கூடக் கேட்காது, அரிசி களைந்து நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "முழுக்கக் கட்டினால் தம்பி வழக்கு வைப்பான். என்ரை பாதிக்கு மட்டும் கட்டினால், மற்றப் பாதி அவன்ரை எண்டு நானே ஒத்துக்கொண்டமாதிரி. படிச்ச பிள்ளை, நீரே ஒரு வழி சொல்லும்."

சாதகம்

இளைய தமையன் வேலுப்பிள்ளையர் இளைப்பாறிய பள்ளிக்கூடச் சட்டம்பியார். படித்தவர், புரிந்துகொள்வார் என்று போனேன். அவர் உள்ளே போய்ப் பட்டுத்துணியில் சுற்றிய கண்மணியின் சாதகத்தைக் கொண்டுவந்து விரித்தார். ஏழு வயது வரைக்கும் தண்ணீரிலே கண்டமாம். இதை அறிந்துகொண்டா ஐயா கிணற்றைத் திறந்துவைத்திருக்கிறீர்கள், உங்கள் சாதகமே என் கட்சிக்குத்தானே சாட்சி சொல்கிறது என்று மடக்கினேன். வென்றுவிட்டதாகவும் நினைத்தேன்.

அவர் சாதகத்தை நிதானமாகச் சுற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "கண்டம் இருக்கிற பிள்ளையைக் கட்டு மறிக்காது. கண்டம் இல்லாத பிள்ளைக்குக் கட்டுத் தேவையில்லை. இதிலை எந்தப் பிள்ளைக்குக் கட்டச் சொல்லுறீர்?"

நீச்சல்

கட்டுத்தான் வரவில்லை, கண்மணி விழுந்தால் இறங்கித் தூக்கவாவது அவள் தாய்க்குத் தெரியவேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் கேணியில் குதித்துக் குதித்து நீந்தப் பழகுவார்கள். பெண்கள் படியில் குந்தி வாளியால் அள்ளி ஊற்றுவார்கள். ஆனால் நாள் முழுக்கக் கிணற்றடியில் நிற்பது யார்? ஆண்பிள்ளைகளா? வாரத்தில் ஒரு காலை கேணியை அடைத்துப் பெண்களுக்கு மட்டும் நீச்சல் பழக்கலாம் என்று சங்கத் தலைவி அம்மாவிடம் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வீட்டில் பியானோ இருக்கிறது.

நீந்தினால் ஊர் கதைக்கும் என்றார். தண்ணீரில் தாண்டு செத்தால் கதைக்காதா என்று கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "தாண்டு போன பொம்பிளைப் பிள்ளையைப் பற்றி ஆரும் ஒரு குறை சொல்லமாட்டினம், பிள்ளை."

தலையணைக்கு உயிர் கொடுத்தது

வாசிகசாலையில் ஒரு நாள் முதலுதவி விளக்கம் வைத்தேன். தண்ணீரில் இருந்து எடுத்த ஆளைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதுதான் ஊர் வழக்கம். அதை விட்டு, குப்புறக் கிடத்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, விலாவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி அழுத்தி விடவேண்டும். மூச்சுத் திரும்பும் வரைக்கும் களைக்கக் கூடாது. குமர்ப்பிள்ளை ஆம்பிளையைத் தொடக் கூடாதென்பதால், தண்ணீரில் தாண்டவனாக ஒரு தலையணை நடித்தது. தலையணையின் வயிற்றால் பஞ்சு வரும்வரை அழுத்தினேன்.

முன்வரிசையில் இருந்த, ஊருக்கு அரசாங்கத் தலைமைக்காரரான விதானையார் எழும்பினார். மரண விசாரணைக்கு முன்னம் பிரேதத்தை ஆரும் தொடப்படாது என்றார். ஐயா, அது இன்னும் பிரேதமில்லை, அதற்காகத்தானே அழுத்துகிறோம் என்றேன். சபை அவர் பக்கம் திரும்பியது. "பிரேதமோ இல்லையோ எண்டதை நான் வந்து பாத்துச் சொல்லவேணும், பிள்ளை. அதுவரைக்கும் சும்மா இருங்கோ."

ஒரு கேள்வி

கிழக்கே மழை கருக்கட்டத் தொடங்கியது. பூரணத்தக்கா இப்போது இராத்திரியிலும் பிள்ளையைத் தன் காலோடு கட்டிக்கொண்டு படுத்தாள். மன்றாடியது போதும் என்று முடிவுசெய்தேன். சின்னத்தம்பியரிடம் போய் ஒரேயொரு கேள்வி கேட்டேன்: "தம்பியார் முந்திக் கட்டினால் நீங்கள் மறிப்பீங்களோ?" அதே கேள்வியை வேலுப்பிள்ளையரிடம் அண்ணரைப் பற்றிக் கேட்டேன். கேள்வி கேட்பது பொய்யாகாது. முந்திக் கட்டினவர் நடுவைப் பிடித்துவிடுவார் என்று இரண்டு பேருக்கும் பயம். அன்று பின்னேரமே இரண்டு வண்டில் கல் இரண்டு படலையாலும் வந்தது.

என்ன வேகம் என்கிறீர்கள்! இந்தப் பக்கம் ஒரு மேசன், அந்தப் பக்கம் ஒரு மேசன், நடுவில் பேச்சில்லை. ஆனால் வழக்கிலுள்ள இடத்தில் கல் வைக்கவேண்டாம் என்று இரண்டு பேருக்கும் வழக்குப் பேசும் பிறக்கிராசிமார் சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே இரண்டு சுவரும் அந்தத் துண்டுக்கு இரண்டு பக்கமும் வந்து மரியாதையாக நின்றுவிட்டன. எதிர்ப்புறத்து இடைவெளியைத் தண்ணீர்த் தொட்டி அடைத்திருந்தது. இந்தப்புற இடைவெளி குசினி வாசலைப் பார்த்தபடி, ஒரு சின்னப் பிள்ளை தாராளமாக நுழையும் அகலத்தில், திறந்தே கிடந்தது. மேசன் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "குறை சொல்லாதேயுங்கோ, தங்கச்சி. இனிப் பிள்ளை கண்ட பாட்டுக்கு விழாது, வாசலாலைதான் விழும்."

வேலி

மழை பிடித்த நாலாம் நாள் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. சேலைத் துண்டு இற்றுப்போயிருந்தது. பூரணத்தக்கா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது கண்மணி அந்த இடைவெளியில் குந்தியிருந்து தண்ணீரில் கை அளைந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பித் தடுமாறும் என்று தாய் சத்தம் போடவில்லை. நடந்து போய்ச் சட்டையில் பிடித்தாள். பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, தன் பின்வேலியில் இருந்து கதியால் தடிகளைப் பிடுங்கி வந்து இடைவெளியில் நட்டு, பனைமட்டையை வரிந்து கட்டினாள். நான் போய்ச் சேர்ந்தபோது கையெல்லாம் இரத்தம்.

பங்கில்லாதவள் எல்லையில் கதியால் நடுவதா? முகம் பார்க்காத தமையன்மார் இரண்டு பேரும் ஒரே வண்டிலில் ஏறிப் போய்த் தங்கைமேல் வழக்கு வைத்தார்கள். தீர்ப்பு வரும்வரைக்கும் வேலியில் ஒருவரும் கை வைக்கக்கூடாதென்று கட்டளையாயிற்று. கோட்டு வாசலில் பூரணத்தக்காவுக்குப் பேசிய பிறக்கிராசியார் அவளுக்கு ஆறுதல் சொன்னார்: "உந்தக் காணி வழக்குகள் லேசிலை முடியாது, அம்மா. பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசு வந்தாலும் இழுபடும்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதுவரைக்கும் இழுத்துத் தாங்கோ, ஐயா. எனக்கு அது போதும்."

ஆகவே, சக உபதேசிகளே, யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையைத் தண்ணீரில் விழாமல் காப்பாற்ற விரும்புகிறவர்கள் என்னைப்போல வீடு வீடாக நடந்து செருப்பைத் தேய்க்காமல், கிணற்றுக்கு ஒன்றாக வழக்கு மூட்டிவிட்டுப் பேசாமல் வீட்டில் இருப்பதே உத்தமம்.