பின் சீட்டைத் தேடி கரியாலூர் வரை

கள்ளக்குறிச்சியில் கார்ப் போட்டி நடக்கப் போகிறது என்று ஜமீலா போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. "நம்மூர்லதான்டி! சங்கராபுரம் ரோட்ல மனை போட்டு விக்காம கெடக்குதே, அந்த கிரவுண்ட்ல" என்றாள். போன பிப்ரவரியில் நடந்த கதை இது. அடுத்த வருடமும் நடத்துவார்கள் என்று பேச்சு இருப்பதால், போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மண் தரையில் பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், கடிகாரம்தான் எதிராளி. வீட்டுக் காரையே கொண்டுபோய் ஓட்டலாம் என்பதால் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கும் கட்டுப்படியாகிறது. நான் இதுவரை மூன்று முறை இரண்டாம் இடம் வாங்கியிருக்கிறேன். முதலிடம் வாங்காமல் ஓய்வதில்லை என்று ஒரு வெறி, மறைப்பானேன்.

என் கார் கிளட்ச் போய் ஒர்க் ஷாப்பில் நின்றது. ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்று விதி இருப்பதால் ஜமீலாவின் காரையே இருவரும் ஓட்டுவதாக முடிவு. ஜமீலா என் கல்லூரித் தோழி. கள்ளக்குறிச்சியில் கல்யாணத்துக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறாள். பதினோரு வயதான அவளுடைய வெள்ளைக் கார் 1100 சிசி. இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் காலி கிரவுண்டில் செங்கல் வைத்துப் பழகியிருந்தாள். இது அவளுக்கு முதல் போட்டி.

வெள்ளிக்கிழமை மதியம் 1.40க்கு கிளாம்பாக்கத்தில் அரசுப் பேருந்து ஏறினேன். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்கப் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். அங்கிருந்து சேலம் ரோட்டில் திரும்பி, தியாகதுருகம் தாண்டி, கள்ளக்குறிச்சி சேரும்போது மாலை 6.50. ஜமீலா பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் வந்திருந்தாள். கார் கடையிலேயே நின்றதால் அன்று நான் அதைப் பார்க்கவில்லை. நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை கார் பரிசோதனை. ஜமீலா கடையிலிருந்து காரை நேரே கிரவுண்டுக்குக் கொண்டுவந்தாள், நான் அவள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். இங்கே வகுப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார் 'ஸ்டாக்' வகுப்பு. அதில் 1200 சிசி வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு. பிரேக் பேடு, பிளக், அதே அளவு டயர் இவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங், சைலன்சர், இன்ஜின் கம்ப்யூட்டர் இதில் எதைத் தொட்டாலும் 'மாடிஃபைடு' வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே இருப்பதெல்லாம் பல லட்சம் செலவழித்த கார்கள். நம் வண்டி அங்கே போனால் கைதட்ட மட்டும்தான் போகலாம். மிதியடி, ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில் போன்று உருளக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சீட்டுகளை மட்டும் எடுக்கக் கூடாது. விண்ணப்பத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கும்: 'ஸ்டாக் வகுப்பில் பின் சீட் கட்டாயம்.'

அந்த வரி அங்கே வந்ததற்குக் காரணம் நான்தான். போன வருடம் சேலம் பக்கம் நடந்த போட்டியில் ராஜசேகர் என்ற ஆத்தூர்க்காரர் பின் சீட்டே இல்லாத காரில் வந்து ஸ்டாக் வகுப்பில் என்னை முந்தினார். எடை குறைந்தால் வேகம் கூடும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தேன். அவரை மாடிஃபைடு வகுப்புக்கு மாற்றினார்கள், அங்கே கடைசியாக வந்தார். நான் இரண்டாம் இடத்துக்கு ஏறினேன். அவரை 'ஏமாற்றுக்காரர்' என்று இதே பக்கத்தில் காரசாரமாக எழுதியும் வைத்தேன்.

இப்போது கள்ளக்குறிச்சி கிரவுண்டில் அட்டையும் பேனாவுமாகப் பரிசோதகர் நின்றார். பார்த்தால், அதே ராஜசேகர்! இந்த முறை ஓட்டாமல் வேலைக்கு வந்திருக்கிறாராம். வணக்கம் சொன்னார். பானெட்டைத் திறந்து பார்த்தார், டயர் அளவைக் குறித்தார், பின் கதவைத் திறந்தார். திறந்தவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"பின் சீட் எங்கீங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். சீட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகரம். ஜமீலாவும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"பின் சீட்டா? ஆமா இல்ல... இதுல ஒண்ணு இருந்துச்சு இல்ல!"

"அடிப்பாவி!"

"கத்தாதடி. அண்டா வைக்க எடம் பத்தலன்னு நாலு வருசம் முன்னாடி கழட்டினேன். அப்புறம் மறந்தே பூட்டேன். நீ டயரைக் கேட்ட, ஸ்பிரிங்கைக் கேட்ட. சீட்டு கீதான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லைதான். பின் சீட் இல்லாமல் யாராவது கார் ஓட்டுவார்களா என்ன? சீட் இப்போது எங்கே என்றேன். மலை மேலே கரியாலூரில், லட்சுமி அக்கா டீக்கடையில், வருகிறவர்கள் உட்காரக் கிடக்கிறதாம். ஒரு பலாப்பழத்துக்கு மாற்றாகக் கொடுத்தாளாம்!

ராஜசேகர் மணியைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள மாட்டிக்கிட்டு வந்தீங்கன்னா ஸ்டாக். இல்லீன்னா மாடிஃபைடு. விதி உங்களுக்குத் தெரியாததுங்களா?" உள்ளுக்குள் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடையிலிருந்து ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பின்னால் போட்டுக்கொண்டு 11.25க்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையத்தில் பெட்ரோல் 500 ரூபாய்க்கு. கோமுகி அணை தாண்டியதும் வனத்துறை செக்போஸ்ட்டில் பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு மலைப்பாதை. ரோடு நன்றாகவே இருக்கிறது. வளைவுகளில் மட்டும் ஆரன் அடித்துத் திரும்புங்கள், எதிரே பஸ் வரும்.

ஜமீலாதான் ஓட்டினாள். எந்த வளைவிலும் நாற்காலிகள் ஒன்றோடொன்று இடிக்கவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"பின்னாடி முப்பது குண்டான வெச்சிக்கினு வாரத்துக்கு ரெண்டு வாட்டி இந்த மலை ஏறுறேன். சத்தம் வந்தா நசுங்குதுன்னு அர்த்தம். சத்தம் வராம திருப்பிப் பழகிக்கினேன், அவ்ளோதான்."

நான் இதைக் காதில் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை. என் கவலை எனக்கு.

மீட்டர்படி 37 கி.மீ. ஓடி 12.45க்குக் கரியாலூர். கடை சின்னது; டீ பத்து ரூபாய், சுடச்சுட வடை இருந்தது. வாசலில் பலகை அடித்து அதன்மேல் எங்கள் சீட், சுவரோரம் சாய்மானம். அதில் ஒரு பெரியவர் கண்ணாடி டம்ளரோடு சாய்ந்திருந்தார்.

ஜமீலா விஷயத்தைச் சொன்னதும் லட்சுமி அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "குடுத்தத திருப்பிக் கேக்குற பாத்தியா, பாயம்மா! முழுப் பலாப்பழம் தூக்கினு போனியே, அத இப்ப குடு."

"அத தின்னு நாலு வருசம் ஆச்சேக்கா. அதுக்குத்தான் ஆறு சேரு எடுத்தாந்துகீறேன்."

"பிளாஸ்டிக் சேரா? எங்க ஆளுங்க சாய்ஞ்சா காலு பப்பரப்பான்னு வாயப் பொளக்கும். யாரு வுழுந்தாலும் என்னியத்தான் கேப்பாங்க."

"திங்கக்கெழம காலைல நீ அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள சீட்டு இங்க இருக்கும். என் புள்ள மேல சத்தியம்."

"புள்ள மேலல்லாம் எதுக்கு சத்தியம் பண்ற. எடுத்துனு போ. ஆனா அவரு டீ குடிச்சி முடிக்கட்டும்."

அவர் முடிக்கவில்லை. ஒரு வாய் குடிப்பார், ரோட்டைப் பார்ப்பார், மறுபடி ஒரு வாய். நான் மணியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ஊர்ல இருந்து வரீங்களா, அருவி பாத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அடடா, பாக்கணுமே" என்று இன்னொரு டீ சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரோடு சேர்த்தே சீட்டைத் தூக்கியிருப்பேன்.

ஆணிகளைக் கடப்பாரையால் நெம்பிக் கழற்ற நாற்பது நிமிடம். போல்ட்டுகள் நான்கையும் ஜமீலா ஒரு பவுடர் டப்பாவில் போட்டுக் காரிலேயே வைத்திருந்தாள். அந்த ஒரு புண்ணியம் செய்திருந்தாள். ரெக்சினில் ஒரு நீளக் கிழிசல், சாக்குத் தைக்கும் நூலால் தைத்திருந்தது. அங்கேயே மாட்டி முடித்துக் கிளம்பும்போது 2.50. இறக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கடைசி வரை வழி விடவில்லை. கிரவுண்டுக்குள் நுழைந்தபோது மணி 4.46.

ராஜசேகர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். போல்ட்டுகளை எண்ணினார். கிழிசலைத் தடவிப் பார்த்தார். "கிழிசலுக்கு விதி இல்லீங்க" என்று சொல்லி 'ஸ்டாக், 1200 வரை' என்ற ஸ்டிக்கரை ஒட்டினார்.

"இப்ப திருப்திதானே உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் அடுத்த காருக்குப் போய்விட்டார்.

ஞாயிறு காலை 8 மணிக்குப் போட்டி. பாதை நீளம் 900 மீட்டர். ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் சிறந்தது கணக்கு. ஒரு கூம்பை இடித்தால் இரண்டு வினாடி கூட்டிவிடுவார்கள். என் முதல் ஓட்டம் 1 நிமிடம் 9.4 வினாடி. இரண்டாவது 1 நிமிடம் 6.9. அன்றைக்கு எங்கள் பிரிவில் அதைவிட வேகமாக யாருமே ஓட்டவில்லை. ஆனால் கடைசி வளைவில் காரின் பின்பக்கம் ஒரு கூம்பைத் தட்டிவிட்டது. இரண்டு வினாடி கூடி 1 நிமிடம் 8.9 ஆனது. மூன்றாவது 8.6. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன், கைதான் வலித்தது.

ஜமீலா மூன்று ஓட்டத்திலும் ஒரு கூம்பைக்கூடத் தொடவில்லை. அண்டா ஏற்றிய கணக்கில் அலுங்காமல் திருப்பினாள். அவளுடைய சிறந்த ஓட்டம் 7.8. முதலிடம் 7.2 ஓட்டிய பெரம்பலூர்க்காரருக்கு. ஜமீலா இரண்டாவது, நான் மூன்றாவது. அவளுக்காக சந்தோஷப்பட்டேன், ஆனால் உடனே இல்லை. பத்து நிமிடம் ஆனது.

மதியச் சாப்பாட்டுக்கு அவித்த முட்டை வேண்டும் என்று யாரோ சொல்ல, ராஜசேகர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். போன வருடம் நான் ஆட்சேபம் கொடுத்த அதே கார். பின் கதவைத் திறந்தார். சீட் இல்லை. தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு முட்டை அட்டைகள்.

"அப்பவும்... இதுக்குத்தான் கழட்டியிருந்தீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. நாமக்கல்ல இருந்து வாரம் ரெண்டு லோடு. அன்னிக்கும் காலைல கடைகளுக்கு எறக்கிப் போட்டுட்டு நேரா வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலீங்களே. நேரா பேப்பர் எழுதிக் குடுத்துட்டீங்க." பிறகு அவரே சொன்னார்: "விதி சரிதானுங்க. எதுக்குக் கழட்டினாலும் எடை கம்மிதான். வகுப்பு மாத்தினதுல எனக்கு வருத்தமில்ல. நீங்க எழுதினதை எம்பொண்ணு படிச்சிட்டு, 'அப்பா, நீ ஏமாத்துனியா'ன்னு கேட்டா. அதுதான்."

சாப்பாட்டுக்கு அவித்து வந்ததில் ஒரு முட்டையை உரித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை 6.30க்குச் சீட்டோடு கரியாலூரில் இருந்தோம். லட்சுமி அக்கா அடுப்பு பற்றவைத்துவிட்டிருந்தார். "லேட்டு" என்றார். நாற்காலி ஒன்று கால் விரிந்து மூலையில் கிடந்தது. சீட்டைப் பலகையில் வைத்ததும் அன்று டீ குடித்த பெரியவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். ஜமீலா இரண்டாம் இடத்துக்கு வாங்கிய பரிசுக் கோப்பையைக் காட்டினாள். லட்சுமி அக்கா அதை வாங்கி பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சீட்டும்தானே ஓடுச்சு. இங்கயே இருக்கட்டும்" என்றார். இன்னும் அங்கேதான் இருக்கிறது, டீ குடிக்கப் போனால் பார்க்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 1,500 ரூபாய், ஹெல்மெட் நீங்களே கொண்டுபோக வேண்டும். கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே 900 ரூபாயிலிருந்து அறை கிடைக்கும். இன்னொருவர் காரை ஓட்டுவதாக இருந்தால் நான்கு கதவையும் பின் கதவையும் திறந்து நீங்களே பாருங்கள், போனில் கேட்டது போதாது. மலைக்குப் போனால் காலையிலேயே போய்விடுங்கள். நான் இரண்டு முறை போயும் அருவியைப் பார்க்கவில்லை.

போன வருடப் பதிவில் ராஜசேகரைப் பற்றி எழுதியிருந்த அந்த வார்த்தையை இன்று எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், அவர் முட்டை வியாபாரி, காரணம் கேட்காமல் எழுதியது என் தவறு, மன்னிக்கவும் என்று போட்டிருக்கிறேன். மாற்றிய பக்கத்தை அவருக்கு அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: 'எம்பொண்ணுகிட்ட காட்டிட்டேங்க.'