கயிற்றில் வைத்த கை

நீலமேகத்துக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது மீன்தான். திருவொற்றியூர் குப்பத்திலிருந்து ராயபுரம் மார்க்கெட்டுக்கு முதலில் போய்ச் சேருகிற கூடைக்குத்தான் நல்ல விலை. அப்படி ஓடிப் பழகிய கால், குடியரசு தினத்துக்கு ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்பும் ஓட்டப்பந்தயம் வைத்ததும் சும்மா இருக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதிலிருந்து மூன்று வருடமும் கப்பு அவனுக்கே. அவன் மனைவி கெங்கம்மா முதல் கப்பில் உப்பு போட்டு வைத்தாள், இரண்டாவதில் புளி. மூன்றாவதை அவன் தரவில்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். தண்ணீர்ப் பானை வரைக்கும்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான்.

ஐம்பத்து மூன்றில் எல்லாம் போயிற்று. எண்ணூரிலிருந்து திரும்பும்போது அவன்தான் முன்னால். ராயபுரம் ஜஹாங்கீர் வெகு தூரம் பின்னால். வழியில் அவன் குப்பத்துக் கரையில் அந்த நேரம் பார்த்துப் பெரிய வலை ஏறிக்கொண்டிருந்தது. வலை ஏறும்போது அந்த வழியே போகிற குப்பத்து ஆண்பிள்ளை எவனும் கயிற்றில் கை வைக்காமல் தாண்டமாட்டான்; கை வைத்தவனுக்கு ஒரு பங்கு உண்டு. கெங்கம்மாவின் அண்ணன் தண்டபாணி காலடிச் சத்தம் கேட்டு, யாரென்று திரும்பிப் பாராமலே, "கை குடுப்பா" என்றார். நீலமேகமும் யோசிக்காமலே இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்தான்.

இருபது இழுப்பு இழுத்திருப்பான். சாலையில் ஓடிக்கொண்டே ஜஹாங்கீர் கேட்டான்: "இன்னா தோஸ்து, ஓட்டம் முடிஞ்சிப்போச்சா?"

அதற்குப் பிறகு ஓடி என்ன செய்ய? ஆறிய கால் மறுபடி சூடு பிடிக்கவில்லை.

மார்க்கெட்டில் அவனுக்குக் 'கயிறு சாம்பியன்' என்று பெயர் வைத்தார்கள். கூடையோடு ஓடுவதை விட்டு நடந்து போனான். மீன் விலை இறங்கியது, அவன் தோளும் இறங்கியது. வீட்டில் உட்கார்ந்து குழம்பில் குற்றம் கண்டுபிடித்தான். அடுத்த வருடப் பந்தயத்தன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவன் பெருமையைக் கெங்கம்மா மூன்று வருடம் பொறுத்துக்கொண்டாள். இந்தச் சுருண்ட முதுகைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. ஐம்பத்தைந்தில் அவளே போய் அவன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"மறுபடி வலை ஏறினா?" என்றான் அவன். "கூப்ட்டா கை தானா போவுதுமே."

"நீ காலப் பாரு. கைய நான் பாத்துக்கறேன்."

அவன் பயந்தபடியே அன்றும் வலை ஏறியது. முன்னால் வந்த நீலமேகத்தைப் பார்த்துத் தண்டபாணி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனாலும் கயிற்றைக் கண்டதும் அவன் கால் தானாகத் தளர்ந்தது. அப்போதுதான் கயிற்றைப் பிடித்திருந்த ஆண்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புடவை தெரிந்தது. பெண்கள் வலைக்கயிற்றைத் தொடும் வழக்கம் அங்கே கிடையாது. தண்டபாணி தங்கையை ஒரு பார்வை பார்த்திருக்கிறார். பிறகு நகர்ந்து இடம் விட்டிருக்கிறார்.

"யோவ், உன் கை இங்க கீது. நீ போ" என்றாள் கெங்கம்மா.

போனான். ராயபுரத்தில் மாலை போட வந்தவரிடம், "வலையில இன்னா வுழுந்துச்சி?" என்றுதான் முதலில் கேட்டானாம். பாவம், அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

நான்காவது கப்போடு வீட்டுக்கு வந்தபோது கூடையில் ஒரு பங்கு மீன் இருந்தது. தன் கைக்கு வந்த பங்கு, அதனால் தன்னுடையது என்று வாதாடினான். நெஞ்சு பழையபடி நிமிர்ந்திருந்தது.

கெங்கம்மா சிவந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "கை உன்னுதுதான். கொப்புளம் என்னுது."