சிரட்டை கவிழ்த்தவன்

சத்தியதாஸ் அமரவிளையில் பிறந்தவன். பெண்ணு கெட்டி அம்பூரிக்கு வந்து ரப்பர் வெட்டுக்காரனானான். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுறவன் நான், யோசுவா. அவனைப்போலப் பகை வைக்கிற ஒரு மனுசனை நான் கண்டதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடாத அண்ணன் செத்தப்போ, சர்ச்சு வாசல்வரை வந்து உள்ளே ஏறாமல் திரும்பினவன்.

அவனுக்குச் சரியான ஆளாக வாய்த்தது ஒரு குரங்கு. அவனுக்க சோற்றுப்பொதியைத் தூக்கினதுக்கு, கல்லெறிந்து அதுக்க ஒரு காதைப் பிய்த்தான். அன்று முதல் அவன் வெட்டின மரத்தில் பால் நிற்காது. பால் வடிய மரத்தில் கட்டின சிரட்டையைக் குரங்கு வந்து கவிழ்க்கும். முதலாளி பொன்னையன் முடிவாகச் சொல்லிப்போட்டார்: "இந்த மாசமும் பால் குறைஞ்சா தோட்டத்தை யோசுவாவுக்குக் குடுப்பேன்."

"மிருகமாக்கும் அது. கை தட்டிச் சரிஞ்சிருக்கும்," என்றேன்.

"வந்து பாரு எலே."

போய்ப் பார்த்தேன். மழை வந்தால் நாங்கள் சிரட்டையை அதைத் தாங்குற கம்பியிலேயே கமத்தி வைப்போம், உள்ளே தண்ணி விழாமலிருக்க. ஒவ்வொரு சிரட்டையும் அப்படியே கமந்திருந்தது. பால் எல்லாம் மண்ணில்.

"கண்டியா? எனக்க கையைப் பார்த்துப் படிச்சிருக்கு. பாலைக் குடிக்கவா செய்யுது? எனக்க வயிறு எரியணும், அதுக்காக்கும். காலில் இடிச்ச கல்லோட எவனாவது பகை வைப்பானா? இது அறிஞ்சு செய்யுது மக்கா. இதைத் திருப்பி அடிக்கலாம்." சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோசம்.

பிறகு தினமும் குரங்கு பார்க்க, பாறைமேல் இருந்து சிரட்டைத் தண்ணியால் முகம் கழுவினான். ஒருநாள் கழுவிவிட்டு, அதே பாறையில் சிரட்டை நிறைய ரப்பர் பாலை வைத்துவிட்டு மாறி நின்றான். குரங்கு இறங்கி வந்து, அவனைப்போலவே முகத்தில் அள்ளித் தேய்த்தது. பால் உறைந்து கண் இரண்டும் ஒட்டிப்போச்சு. தட்டுத் தடவி, பாறை இடுக்கில் ஒடுங்கியது.

சத்தியதாஸ் கம்பை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது.

"அடிச்சுத் தள்ளு. யாரும் காணல்ல," என்றேன்.

"யாரு அடிச்சான்னு அதுக்குத் தெரியண்டாமா?"

கம்பைக் கீழே போட்டான். சாப்பாட்டுப் பையிலிருந்து எண்ணெய் எடுத்துத் தடவி, ரப்பரைப் பையப் பைய உரித்தான். ஒரு கண் திறந்தது.

"எலே, ஆளு தெரியுதா?"

தெரிந்தது. வலது கைப் பெருவிரலை எலும்புவரை கடித்துவிட்டு மரமேறிப் போச்சு.

ஊசி போட்டார்கள், தையல் போட்டார்கள். அந்த விரல் இனி வெட்டுக்கத்தி பிடிக்காது. தோட்டம் எனக்கு வந்தது. எனக்க சிரட்டை ஒன்றுகூடக் கவிழல்ல.

சத்தியதாஸ் இப்போதும் விடிஞ்சதும் வருவான். இடது கையால் கல்லெறிந்து படிக்கிறான். எல்லாம் குறி தவறும். குரங்கு தாழ்ந்த கொம்பில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

நேற்று அவன் காலடியில் ஒரு கல் வந்து விழுந்தது. எறிந்தது நானில்லை.

"கண்டியா?" என்று சிரித்துக்கொண்டே, அந்தக் கல்லைக் குனிந்து எடுத்தான்.